மாக்கோழியும் வெண்திரையும்



திரைப்படங்களில் கொலையும் குருதியும் மலிந்துவிட்டன என்னும் கண்டனக் குரல் அடிக்கடி எழுகின்றது. இது புதியதன்று. ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ என்னும் படம் 1972இல் பிரிட்டனில் திரையிடப்பெற்றது. இளைஞர் சிலர் இழைத்த வன்செயல்களுக்கு அப்படமே தூண்டுகோல் என்று நாளேடுகள் எழுதின. நீதிமன்றங்களிலும் அப்பேச்சு எழுந்தது. இயக்குநர் அதனை ஏற்கவில்லை. ஆயினும் அவர்தம் குடும்பத்திற்கு மிரட்டல்கள் வரவே, 1973இல் அவர் வேண்டுகோளின்படியே படம் அந்நாட்டில் நிறுத்தப்பெற்றது. 1999இல் அவர் மறைந்த பின்னர், 2000இல்தான் அங்கு மீண்டும் திரைக்கு வந்தது.

படம் பார்த்தவன் வெளியே சென்று குற்றம் புரிவானா என்பதே உலகத்தாரின் வழக்கு. அது இன்னும் தீர்ந்தபாடில்லை. நம் ஆகமம் எழுப்பும் வினாவோ வேறு. பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்திலேயே உள்ளத்தில் நிகழ்ந்தது யாது?

தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் கணக்கே போட்டுக் காட்டுகின்றது. எண்ணுதல், கருவி கூட்டுதல், தொடங்குதல் என மூன்று. மனம், மொழி, மெய் என மூன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று. வெகுளி, செருக்கு, வஞ்சம், உலோபம் என நான்கு. பெருக்கினால் 108. அவற்றுள் உடன்படுதல் வழியாக வருவன மட்டும் 36. இருக்கையை விட்டு எழாமலே இவை நிகழக்கூடும். சமந்தபத்திர சுவாமிகளும் அநர்த்த தண்டம் ஐந்தனுள் ‘துச்ருதி’யை வைத்தார், உள்ளத்தைக் கலக்கும் கதைகளைக் கேட்பது அது. கேட்பதற்கே அப்படியென்றால் காண்பதற்கு?

“நடிப்புத்தானே, குருதி வெறும் சாயந்தானே” என்பர். யசோதர மன்னன் வெட்டியதும் மாவினால் சமைத்த கோழியைத்தான். தாய் சந்திரமதியின் சொல்லைத் தட்டமாட்டாமல் வெட்டினான். மறுபிறப்பில் மகன் மயிலானான், தாய் நாயானாள்.

இவ்வளவும் எழுதும் நான் ஒன்றை மறைத்தல் தகாது. சென்ற விடுமுறையில் பேரனோடு தொலைக்காட்சியில் ஒரு படம் பார்த்தேன். கொடியவன் மாண்டபோது, “நன்றாக வேண்டும் அவனுக்கு!” என்று என் வாயே கூறிற்று. பேரன் திரையை விட்டு என் முகத்தைப் பார்த்தான். அன்றிரவு பிரதிக்கிரமணத்தில் அந்தப் பார்வையே முன்னின்றது.

மறுநாள் அவனுக்கு யசோதரன் கதையைச் சொன்னேன்.

“அந்தக் கோழிக்கு உயிரே இல்லையே, பாட்டி?” என்றான்.

“இல்லைதான்” என்றேன்.

“அப்படியென்றால் நேற்று நீங்கள்...” என்று தொடங்கியவன், நிறுத்திக்கொண்டான்.