லாயமும் லயமும்

சித்திரை பிறந்தால் நுவரெலியாவில் குதிரைப் பந்தயம். பதுளை, பண்டாரவளைப் பகுதித் தோட்டங்களிலிருந்தும் நம்மவர் பலர் வேடிக்கை பார்க்கச் செல்வர். அப்படிச் சென்று வந்த இளைஞர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "வாயில்லாப் பிராணியை நம் மகிழ்ச்சிக்காக ஓட வைப்பது பாவமா, சாமி?"

எளிய கேள்விதான்; விடை அத்துணை எளிதன்று.

ஓடுவது குதிரையின் இயல்பு. புல்வெளியில் அவிழ்த்துவிட்டால் எவரும் ஏவாமலே அது ஓடும். எனவே ஓட்டத்தில் குற்றமில்லை. நாம் அதை எந்தக் கண்ணால் பார்க்கிறோம் என்பதே கேள்வி.

ஒன்று, பந்தயப் பணம் கட்டுகிறவனின் கண். 1956இல் பதவிக்கு வந்த பண்டாரநாயக்க அரசு இந்நாட்டில் குதிரைப் பந்தயத்தை நிறுத்தியது. ஆயினும் சூதாட்டம் நிற்கவில்லை. சம்பள நாளன்று "புக்கி"யில் நிற்கும் நம் சகோதரர், இங்கிலாந்தில் ஓடும் குதிரைமீது பணம் கட்டுகிறார். அதன் நிறத்தையும் அவர் கண்டதில்லை. அவருக்கு அது காகிதத்தில் ஒரு பெயர். தோற்றால் அதுவும் இல்லை. வீட்டில் அடுப்பெரியாதது மட்டும் மிச்சம்.

மற்றொன்று, சிற்பியின் கண். 1878இல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பவர் வரிசையாகக் கமராக்களை வைத்து, பாய்ந்தோடும் பந்தயக் குதிரையைப் படமெடுத்தார். நான்கு கால்களும் முன்னும் பின்னும் நீண்டிருக்கையில் குதிரை அந்தரத்தில் பறப்பதாகவே ஓவியர் பலர் வரைந்து வந்தனர். உண்மையில் கால்கள் வயிற்றின்கீழ் மடங்கும் வேளையிலேயே அது நிலத்தைவிட்டு எழுகிறது என்று படங்கள் காட்டின. பிரெஞ்சுக் கலைஞர் டெகா அப்படங்களை ஆராய்ந்தார். மெழுகில் குதிரைகளைச் செய்தார். 1917இல் அவர் இறக்கும்வரை அவற்றைக் கண்காட்சியில் வைக்கவில்லை. விலைக்காகவோ வெற்றிக்காகவோ அன்றி, குதிரையைக் குதிரையாக அறியவே அவர் உழைத்தார் என்று எண்ணத் தோன்றுகிறது.

நம் முன்னோரின் ஊர்களிலும் இக்கண் உண்டு. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்தில் குயவர் ஐயனாருக்கு மண்குதிரை செய்து சுடுவர். அதன்மேல் மனிதர் எவரும் ஏறுவதில்லை. அது எவருக்கும் சம்பாதித்துக் கொடுப்பதுமில்லை. வெயிலிலும் மழையிலும் நின்று, கரைந்து, மண்ணோடு மண்ணாகும். நம் அநுராதபுரத்து இசுருமுனியவிலும் பாறையில் ஒரு மனிதன் அமர்ந்திருக்க, அவனருகே குதிரைத் தலை ஒன்று தெரிகிறது. அவன் அதன்மேல் ஏறியிருக்கவில்லை, அருகில் இருக்கிறான்.

சிற்பிகள் எல்லாரும் இப்படிப் பார்த்தார்கள் என்றும் சொல்வதற்கில்லை. அரசரையும் ஆளுநரையும் தாங்கும் பீடமாகவே குதிரையைச் செய்தவரும் பலர்.

பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பெரியவர் சொன்னது நினைவுக்கு வருகிறது. "என் தாத்தா துரையின் குதிரைக்காரர், சாமி. லாயத்துக்குக் கல் பாவியிருந்தது, எங்க லயத்துக்கு மண்தரைதான். குதிரைக்குச் சுகமில்லைன்னா வைத்தியர் வருவார்." சற்று நின்று, "கிழடானதும் அந்தக் குதிரையைச் சுட்டுட்டாங்க. தாத்தா ரெண்டு நாள் சாப்பிடல" என்றார்.

லாயத்துக்கும் லயத்துக்கும் ஒரு கால்தான் வேறுபாடு. குதிரைக்குக் கிடைத்த கல்தரையும் அன்பினால் வந்ததன்று, பயனுக்காக வந்தது. பயன் முடிந்ததும் அதன் கதையும் முடிந்தது. பெயருக்குப் பதிலாக, பறித்த கொழுந்தின் கிலோக் கணக்கால் அறியப்பட்ட நம் தாய்மார் இதை நன்கறிவர்.

ஆகவே அந்த இளைஞருக்கு நம் விடை இது: ஓட வைப்பது பாவமன்று, ஓட்டம் நின்றபின் அது நமக்கு ஒன்றுமில்லாமற் போவதே பாவம். தோற்ற குதிரைக்கு என்ன நேர்கிறது என்று கேளுங்கள். பால் வற்றிய பசுவையும், பரீட்சையில் தவறிய மகனையும், பெயர் வெட்டப்பட்டு வீட்டு மூலையில் இருக்கும் பாட்டியையும் எந்தக் கண்ணால் பார்க்கிறோம் என்று நம்மையும் கேட்டுக்கொள்வோம்.

ஒருவர் தின்ன மறுத்த இரண்டு நாட் சோறு, அந்தக் குதிரைக்கு எழுந்த சிலை.