காற்றுக்கென்று ஒரு கட்டம்

துப்பாக்கி சுடுபவர்கள் வைத்திருக்கும் நோட்டைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் உடன் வேலை பார்க்கும் தோழி சிரித்துவிட்டாள். "மழை, நிலா எல்லாம் தீர்ந்துபோச்சா?" என்றாள். துப்பாக்கிமேல் எனக்கு ஆசை ஒன்றும் கிடையாது. ஆயுதங்களுக்கு எதிரே நிற்க நேர்ந்த பெண்களின் கதைகளை வாசித்த யாருக்கும் அதை வெறும் விளையாட்டுச் சாமானாகப் பார்ப்பது எளிதல்ல. எனக்கு வேண்டியது துப்பாக்கிக்குப் பக்கத்தில் திறந்து கிடக்கும் அந்த நோட்டு மட்டும்தான்.

இந்த விளையாட்டைக் கவனிக்கவைத்தவர் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன். சிறு வயதிலேயே குடும்பத்தோடு அகமதாபாத் போனவர். 2019இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் அவர் தங்கம் வென்றபோது எங்கள் ஊர்ப் பெயரும் செய்தியில் வந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் எடுத்த புள்ளிகள் 630.7. பத்தாம் இடம். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச்சுற்று. அவருடைய போட்டி மூடிய அரங்கில் நடப்பது. பத்துப் புள்ளிக்குரிய நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். அங்கே காற்று கிடையாது. குறி தப்பினால் அநேகமாக அது சுட்டவர் கணக்கில்தான் சேரும்.

அதே விளையாட்டின் இன்னொரு கிளை திறந்த வெளியில் நடக்கிறது. ஆயிரம் கெஜம், அதாவது 914 மீட்டர் தொலைவில் இலக்கு. குண்டு அங்கே போய்ச் சேர ஒன்றரை நொடி போல ஆகும். மணிக்கு பதினாறு கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே காற்று வீசினால் போதும், குண்டு இரண்டு மீட்டருக்கும் மேல் தள்ளிப்போகும். ஆகவே சுடுபவர் வழிநெடுக நட்டிருக்கும் கொடிகளைப் பார்க்கிறார். தொலைநோக்கியில் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கிறார். பிறகு துப்பாக்கியின் சைட்டைக் காற்று வரும் பக்கமாகச் சில 'மினிட்' திருப்பிவைக்கிறார். இந்த மினிட் நேரக் கணக்கல்ல, கோணக் கணக்கு. அந்தத் தொலைவில் ஒரு மினிட் என்பது ஏறத்தாழ 27 சென்டிமீட்டர்.

சுட்டதும் அவர் செய்யும் முதல் காரியம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. குண்டு எங்கே பட்டது என்று பார்ப்பதற்கு முன்பே, விசையை அழுத்திய கணத்தில் குறி எங்கே இருந்தது என்று தனக்குத்தானே சொல்லி நோட்டில் குறித்துவிட வேண்டும். நடுவில் இருந்ததா, கை சற்று வலப்பக்கம் இழுத்ததா? அதற்குள் இலக்கின் அடியில் பள்ளத்தில் இருப்பவர்கள் அதை இறக்கி, துளையில் அடையாள வில்லையைச் செருகி மேலே ஏற்றுகிறார்கள். அதைப் பார்த்து, பட்ட இடத்தைக் குறிக்க வேண்டும். பக்கத்தில் காற்றுக்கென்று ஒரு கட்டம்: எவ்வளவு திருப்பினேன், உண்மையில் எவ்வளவு தேவைப்பட்டது.

ஓர் உதாரணம். இடமிருந்து காற்று. சைட்டை நான்கு மினிட் இடப்பக்கம் திருப்பியாயிற்று. குண்டு நடுவிலிருந்து அரை மினிட் வலப்பக்கம் பட்டிருக்கிறது. 'நடுவில் இருந்தது' என்று முன்பே குறித்திருந்தால், காற்று நாலரை மினிட்டுக்குரிய காற்று. சைட்டைத் திருத்த வேண்டும். 'கை வலப்பக்கம் இழுத்தது' என்று குறித்திருந்தால், காற்றைச் சரியாகத்தான் கணித்திருக்கிறார். சைட்டைத் தொடவே கூடாது. இரண்டு தடவையும் துளை ஒரே இடத்தில்தான். ஆனால் கையின் பிழையைக் காற்றின்மேல் போட்டால் அடுத்த குண்டு தப்பும். காற்றின் பிழையைக் கையின்மேல் போட்டுக் கையை இறுக்கினாலும் அடுத்த குண்டு தப்பும்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு மாணவி நினைவுக்கு வந்தாள். முதுகலை இரண்டாம் ஆண்டில் படிப்பை விட்டவள். திருவந்திபுரத்தில் கல்யாணம். முகூர்த்த நாளில் தேவநாத சுவாமி கோயில் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்யாணங்கள் நடக்கும். கெடிலத்தின் கரைவரைக்கும் வேன்கள் நிற்கும். ஒரு தாலிக்கு அடித்த மேளத்தில் பக்கத்துத் தாலியும் ஏறிவிடும். அந்தக் கூட்டத்தில்தான் அவளை வாழ்த்திவிட்டு வந்தேன். சில ஆண்டுகள் கழித்துப் பேருந்து நிலையத்தில் பார்த்தபோது நான் எதுவும் கேட்குமுன் அவளே சொன்னாள்: "எல்லாம் என் தப்புதாங்க மேடம். நான் ஒழுங்கா படிச்சிருக்கணும்."

நன்றாகப் படித்தவள் அவள். கல்யாணம் முடிந்த மறுவாரம் தேர்வு. புகுந்த வீட்டிலிருந்து இரண்டு பேருந்து மாற வேண்டும். மாமியாருக்கு உடம்பு சரியில்லை. இவை எல்லாம் அந்தப் பேருந்து நிலையத்தில்தான் எனக்குத் தெரியவந்தன. அவள் தன் நோட்டில் பட்ட இடத்தை மட்டும் எழுதிவைத்திருந்தாள். காற்றுக்குக் கட்டமே போடவில்லை. அந்த நோட்டை அப்படி எழுதப் பழக்கியவர்களில் நானும் ஒருத்தி. அவளுடைய வகுப்புப் பதிவேட்டில் அன்று நான் எழுதியது 'வருகைக் குறைவு' என்ற இரண்டு சொற்கள்தான்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் கட்டுரை எனக்கு வசதியாக முடிந்துவிடும். பெண்கள்மேல் வீசும் காற்றைப் பேசுவது எங்களுக்குப் பழகிய வேலை. ஆனால் அந்த நோட்டில் கைக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. பல ஆண்டுகளாக நான் கவிதை எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கேட்டவர்களிடம் வீடு, பிள்ளைகள், விடைத்தாள் கட்டு என்று சொல்லிவந்தேன். பொய்யல்ல. ஆனால் வீடு ஓய்ந்து, கட்டும் தீர்ந்து, கொடி அசையாமல் தொங்கிய மாலைகளும் இருந்தன. அந்த மாலைகளில் முந்தைய தொகுப்பைவிட மோசமாக எழுதிவிடுவேனோ என்ற பயத்தில் உட்காரவில்லை. அது காற்றல்ல, என் கை.

ஒருவர் செய்ததை எதைக்கொண்டு எடைபோடுவது? நினைத்ததையா, நேர்ந்ததையா? 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் இதை 'நெறிசார்ந்த அதிர்ஷ்டம்' என்ற பெயரில் விவாதித்தார்கள். நம் கையில் இல்லாதவற்றுக்கும் சேர்த்துத்தான் நம்மை மதிப்பிடுகிறார்கள், நாமும் நம்மை அப்படியே மதிப்பிட்டுக்கொள்கிறோம் என்பது அவர்களைத் தொந்தரவு செய்தது. நோட்டு இந்தக் கேள்வியைத் தீர்த்துவைப்பதில்லை. விளைவைப் பார்த்த பிறகு மனம் தன் கதையைத் திருத்திக்கொள்ளும் என்பது மட்டும் அதற்குத் தெரியும். அதனால்தான் முதலில் சொல், பிறகு பார் என்கிறது.

காற்றையும் கையையும் அப்படிப் பிரித்துவிட முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். பலமான காற்றில் கையே நடுங்கும். பெண்ணுடைய விருப்பத்துக்குள்ளேயே காற்று புகுந்திருக்கும். ஒரு துளையை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. ஆனால் பத்துத் துளைகளும் ஒரே பக்கம் ஒதுங்கி விழுந்திருந்தால்? ஒரே முகூர்த்தத்தில் நூறு வீடுகளும் 'இது எங்கள் குடும்ப விஷயம்' என்கின்றன. நூறு பெண்களும் தங்கள் நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காற்றின் திசை தெரிந்துவிடும். ஆயிரம் கெஜப் போட்டிகளில் ஒருவர் எடுத்த புள்ளிகளைப் பக்கத்தில் படுத்திருக்கும் இன்னொரு போட்டியாளர் எழுதித்தரும் வழக்கம் உண்டு. அந்த வழக்கம் நமக்கும் வேண்டும்.

'அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா' என்பது நம் வீடுகளில் பெண்களுக்குக் கிடைக்கும் முதல் ஆலோசனை. துப்பாக்கி சுடுபவரும் ஓயாமல் அட்ஜஸ்ட் செய்கிறார். ஆனால் அவர் திருப்புவது சைட்டை. இலக்கு நட்ட இடத்திலேயே இருக்கிறது. நமக்குச் சொல்லப்படுவது இலக்கைப் பிடுங்கிக் குண்டு விழுந்த இடத்தில் நட்டுக்கொள்ளச் சொல்லும் ஆலோசனை. இனி யாராவது அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளச் சொன்னால், எதை என்று கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வயல்வெளிக் காற்றை யாரும் செய்வதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததற்கு எந்த ஆளையும் கைகாட்ட முடியாது. நம்மீது வீசும் காற்றுக்கு ஆட்கள் உண்டு. 1930இல் இங்கிலாந்தின் பிஸ்லியில், ஆண்களோடு போட்டியிட்டு, கோழிப்பண்ணை நடத்திவந்த மார்ஜரி ஃபாஸ்டர் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் அரசரின் பரிசை வென்றார். அதை வென்ற முதல் பெண் அவர். 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் மார்கரெட் மர்டாக், லானி பாஷம் இருவருக்கும் 1162 புள்ளிகள். விதிப்படி தங்கம் பாஷமுக்குப் போனது. அவர் மர்டாக்கைத் தங்கத்துக்குரிய மேடையில் தன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். 1992 பார்சிலோனாவில் இருபாலரும் கலந்த ஸ்கீட் போட்டியில் சீனாவின் ஜாங் ஷான் 225க்கு 223 எடுத்துத் தங்கம் வென்றார். அடுத்த ஒலிம்பிக்கில் ஸ்கீட்டில் பெண்களுக்கு இடமே இல்லை. தன் பட்டத்தைக் காக்க அவர் களம் இறங்கக்கூட முடியவில்லை. அந்தக் காற்றை ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் முடிவு செய்தார்கள். இப்படிப்பட்ட காற்றுக்குச் சைட்டைத் திருப்பிக்கொண்டே இருப்பது போதாது. அதை எழுதிவைப்பது சாட்சி சொல்வதற்காகவும்தான்.

பேருந்து நிலையத்திலிருந்து திரும்பிய அன்று ஒரு பழைய நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கட்டம் போட்டேன். முதலில் அந்த மாணவியின் பெயர். காற்றுக்கான கட்டத்தில்: கல்யாணத்துக்கு மறுவாரம் தேர்வு, இரண்டு பேருந்து, மாமியாரின் உடம்பு. கைக்கான கட்டத்தில் அவளைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. அங்கே என்னைப் பற்றி எழுதினேன்: அவள் வராத நாட்களில் ஒரு தடவைகூட நான் போன் செய்து கேட்கவில்லை.