காட்சி அளவையும் நோயாளர் பணியும்

திருச்சிற்றம்பலம்

அளவைகள் பலவெனப் பிற நூலார் விரிப்பினும், அவையெல்லாம் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது நம் சித்தாந்த நூலோர் துணிபு. அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியாரில் அளவை முற்பட வைக்கப்பட்டதன் கருத்து, பொருளியல்பு ஆராயப் புகுவோன் முதற்கண் தன் அறிகருவியின் இயல்பை ஆராய்ந்து கொள்ளல் வேண்டும் என்பதேயாம். முப்பதாண்டுக்கு மேலாக இப்பகுதியை மாணாக்கர்க்குப் பாடஞ்சொல்லிய அடியேன், அதன் பயனை ஏட்டின்கண் அன்றி ஒரு நோயாளியின் கட்டிலருகே கற்க நேர்ந்தது. அதனை ஈண்டு அன்பர்கட்கு விண்ணப்பிக்கின்றேன்.

சில ஆண்டுகளின் முன், ஒரு மழைக்காலத்தில், போத்தனூரில் எம் இல்லத்தே அடியேன் மனைவி காய்ச்சலுற்றுக் கிடந்தாள். வினவும்போதெல்லாம், “ஒண்ணுமில்லைங்க, சளிதான்” என்பாள். யானும் அதனையே மெய்யெனக் கொண்டு, நாள்தோறும் இருமுறை அறையுட் சென்று அவள் முகத்தைக் கண்டு மீண்டு, என் ஏட்டுப் பணியில் அமர்வேன். ஆறாம் நாள் மாலை, மருத்துவமனையிற் பணிபுரியும் அண்டைவீட்டுப் பெண் நலம் விசாரிக்க வந்தாள். வந்தவள் மிகுதியாக ஒன்றும் வினவவில்லை. கட்டிலருகே அமர்ந்து, மணிக்கட்டைப் பற்றி, கடிகாரத்தை நோக்கியவாறு ஒரு நிமிடம் வாளா இருந்தாள். பின் என்னைப் புறத்தே அழைத்து, “ஐயா, அம்மாவுக்கு மூச்சு நிமிசத்துக்கு முப்பத்திரண்டு ஓடுதுங்க. விடியற வரைக்கும் பார்க்க வேண்டாமுங்க, இப்பவே கூட்டிட்டுப் போயிரலாமுங்க” என்றாள். முதிர்ந்தோர்க்கு நிமிடத்திற்குப் பன்னிரண்டு முதல் இருபது வரையே இயல்பான மூச்சு என்பதை அன்றுதான் அறிந்தேன். நுரையீரல் அழற்சி என்றனர் மருத்துவர். திருவருளால் உயிர் பிழைத்தாள்.

அவ்விரவு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இருந்தபோது ஒரு வினா என்னை வருத்திற்று. அறை ஒன்று, விளக்கு ஒன்று, காணப்பட்டாளும் ஒருத்தியே. ஆறு நாள் நோக்கிய என் கண்ணுக்குப் புலனாகாதது, ஒரு நிமிடம் நோக்கிய அவள் கண்ணுக்குப் புலனாயது யாங்ஙனம்?

கண் பழுதாகலின் எனின், அன்று. கண் தானே காண்பதில்லை என்பது நம் நூற்றுணிபு. பொறி கவர்ந்ததனை மனம் பற்றி ஐயுற, அகங்காரம் துணிதற்கு எழ, புத்தி இன்னதென நிச்சயிக்கும். இவற்றிற்கும் மேலாக உயிரின் அறிவை விளக்குவது வித்தை. இச்சையை எழுப்புவது அராகம். இச்சை செல்லாவழி அறிவு இருந்தும் பொருளைச் சென்று பற்றாது. என் இச்சை ஏட்டின்கண் இருந்தது. என் புத்தியோ முதல் நாளிலேயே ‘சளி’ என முடிவு கட்டியிருந்தது. பின்னர்க் கண்டதெல்லாம் அம்முடிபினையே கண்டதன்றி அவளைக் கண்டதன்று. கயிற்றைப் பாம்பெனல் திரிவுக்காட்சிக்கு நூல்கள் காட்டும் உதாரணம்; யான் பாம்பினைக் கயிறென்றேன்.

இக்கால உளநூலார் சோதனையும் இதற்கு அரண் செய்கின்றது. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், மார்பின் உட்படங்களை நோக்கி நோய்க்குறி காண்பதில் தேர்ந்த 24 மருத்துவர்க்குச் சில படங்கள் அளிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றன்கண், அவர்கள் தேடிய சிறு கட்டியினும் ஏறக்குறைய 48 மடங்கு பெரிதாக ஒரு வாலில்லாக் குரங்கின் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. 20 பேர் அதனைக் கண்டிலர். கண்ணின் இயக்கத்தைக் கருவியால் அளந்தபோது, காணாதவருட் பெரும்பாலோர் அவ்வுருவம் இருந்த இடத்தையே நேரே நோக்கியிருந்தமை புலனாயிற்று. நோக்குதல் வேறு, காண்டல் வேறு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

செவிப்புலனும் இத்தகைத்தே. எம்மூர்ப் புகைவண்டி நிலையம் இதற்கு ஒரு கொடிய சான்று தாங்கி நிற்கின்றது. 1921 நவம்பரில், மலபார்க் கிளர்ச்சியிற் சிறைப்பட்டோர் ஏறத்தாழ நூற்றுவரைத் திரூரினின்று ஒரு மூடிய சரக்குப் பெட்டியில் அடைத்துக் கொணர்ந்தனர். நீருக்கும் காற்றுக்குமாக அவர்கள் கூவினர் என உயிர்தப்பியோர் உரைத்தனர். இடைநிலையங்களில் வண்டி நின்றும் கதவு திறக்கப்படவில்லை; போத்தனூரில் திறந்தபோது உள்ளே பிணக்குவியலாக இருந்தது. இறந்தோர் தொகை அறுபதின் மேற்பட்டது. காவலர் செவியுடையரே. ஆயினும் ‘கைதிகள்’ என்னும் முடிபு முன்னே நின்றமையால், அக்குரல் மனிதர் மூச்சுத்திணறும் குரலாகச் சென்று சேர்ந்திலது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்றாகலின், நாள்தோறும் முனகல் கேட்கும் இடத்தில் இருப்போர்க்கு முனகல் சுவரின் ஒலியாகிவிடும். இவ்விடர் சிறைக்காவலர்க்கு மட்டும் உரியதன்று. நோயாளர் நடுவே வாழும் பணியாளர்க்கும், வீட்டில் முதியோரைப் பேணும் நம்மனோர்க்கும் உண்டு.

இனி, நோவு என்பது யாது? இன்ப துன்பங்களை உயிர் தன்னுள் அறிவது தன்வேதனைக்காட்சி. பிறர் நோவு நமக்கு ஒருகாலும் அக்காட்சியாகாது. அவர் முகக்குறியும் மூச்சும் நமக்கு வாயிற்காட்சி. அவை கொண்டு நோவுண்டெனத் துணிதல் கருதல். அவர் வாய்ச்சொல் உரை. 1968ஆம் ஆண்டில் மார்கோ மக்காஃபரி என்னும் அமெரிக்கச் செவிலியர், நோயாளி நோவென்று எதனைச் சொல்கின்றாரோ அதுவே நோவு என்று வரையறுத்தார். தன் வேதனைக்குத் தானே சான்றாகலின் இது நமக்கும் உடன்பாடே.

அற்றாயின், நின் மனைவி ‘ஒன்றுமில்லை’ என்றதனை நீ நம்பியது குற்றமாமாறு என்னை எனின், கூறுதும். உண்டென்னும் உரையை ஐயுறலாகாது. இல்லென்னும் உரையைக் காட்சியும் கருதலும் கொண்டு தெளிதல் வேண்டும். நம் நாட்டுத் தாய்மார், தம்மால் பிறர்க்குத் தொல்லை நேரலாகாதெனத் தம் நோவை மறைக்கும் இயல்பினர். அச்சொல் நோவின்மையைக் காட்டுவதன்று, அன்பினைக் காட்டுவது. அதனை எனக்கு வசதியான பொருளிற் கொண்டது என் மலத்தின் செயல்.

கருவியை நம்பி இருப்பேம் எனினும் முற்றும் அமையாது. விரலிற் செருகி உயிர்வளியின் அளவு காட்டும் கருவி, கருநிறத்தோரின் குறைபாட்டினை வெண்ணிறத்தோரினும் மிகுதியாகத் தவறவிடுகின்றது என 2020ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஓர் ஆய்வில் காட்டினர். கருவியையும் ஓர் உயிர் நின்று நோக்கல் வேண்டும். செவிலி என்னுஞ் சொல்லே இதனை உணர்த்தும்: அகப்பொருள் நூல்களில் தலைவியின் மெய்வேறுபாட்டை அவள் வாய் திறவாமுன்னே கண்டு ஐயுறுபவள் செவிலித்தாயன்றோ?

காளத்தியிற் சிவகோசரியார் கண்டதும் திருமேனியே. கண்ணப்பர் கண்டதும் திருமேனியே. முன்னவர் புத்தி தூய்மை, தீட்டு என்னும் வரையறையில் நின்றது. பின்னவர்க்கோ கண்ணில் வழிந்த குருதியன்றி வேறொன்றும் தோன்றிற்றிலது. அன்பாகிய இச்சை சென்றவழி அறிவு சென்றது. அறிவு சென்றவழிச் செயலும் சென்றது. பச்சிலை பிழிந்தும் பயன்படாமை கண்டபின்னரன்றோ தம் கண்ணை இடந்தார்?

அவ்வளவு நம்மால் ஆகாது. எனினும், நோயுற்றோர் அருகே ஒரு நிமிடம் வாளா அமர்ந்து மூச்செண்ணுதல் யார்க்கும் ஆகும். இன்றும் அடியேன் மாலைப் பூசை முடிந்தபின் மனைவியின் அருகே சென்று அமர்கின்றேன். அவள், “என்னங்க அப்படிப் பாக்கறீங்க? ஒண்ணுமில்லைங்க” என்பாள். யான் எண்ணி முடித்த பின்னரே எழுகின்றேன்.

சிவம்.