குறையைப் பங்கிடுதல்

ஆற்று நீரைப் பற்றி நாம் பாகப்பிரிவினையின் பாஷையில்தான் பேசுகிறோம்: பங்கு, உரிமை, பாத்தியதை. சொத்து என்று ஒன்று கையிருப்பில் இருக்கிறது, அளந்து கொடுத்துவிட்டால் தகராறு தீர்ந்தது என்ற நினைப்பு இதற்கு அடியில் இருக்கிறது. காவிரியில் இந்த நினைப்பு எங்கே இடறுகிறது என்று பார்க்கலாம்.

சென்னையும் மைசூரும் 1924-ல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் சில ஷரத்துகளை ஐம்பது வருஷம் கழித்துத் திரும்பப் பார்த்திருக்க வேண்டும். 1974 வந்தது, போயிற்று. நடுவர் மன்றம் அமைந்தது 1990-ல். இறுதித் தீர்ப்பு 2007-ல். வருஷத்துக்கு 740 டி.எம்.சி. என்று கொண்டு தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, காரைக்காலை முன்னிட்டுப் புதுச்சேரிக்கு 7 என்று அது ஒதுக்கியது. 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கில் 14.75-ஐ எடுத்துக் கர்நாடகத்துக்குச் சேர்த்தது.

சண்டையெல்லாம் இந்தப் பங்குகளின் மேல். என்னை உறுத்துவது 740 என்ற முதல் எண். அது ஐம்பது சதவீத நம்பகத்தில் கணக்கிட்டது. அதாவது, ஏறக்குறைய இரண்டு வருஷத்தில் ஒரு வருஷம் அவ்வளவு நீர் வராது என்பது அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. வங்கிக் குமாஸ்தாவான எனக்குத் தெரிந்தவரை, நடுத்தரமான மாதத்தின் இருப்பை நம்பி எல்லா மாதமும் காசோலை எழுதுபவன் பாதி மாதங்களில் அவமானப்படுவான். குறைந்த வருஷத்தில் எல்லோர் பங்கும் அதே விகிதத்தில் குறையட்டும் என்கிறது தீர்ப்பு. நியாயமான வாசகம். ஆனால் அந்தக் குறையில் எந்த வயல் தரிசாகக் கிடப்பது, யார் தாங்குவது என்பதை ஒருவரும் முன்கூட்டி ஏற்றுக்கொண்டதில்லை. 2023-ல் மழை பொய்த்தது. செப்டம்பரில் பெங்களூரில் கடையடைப்பு. அக்டோபரில் டெல்டாவில் கடையடைப்பு. 2018-லிருந்து இருக்கும் மேலாண்மை ஆணையம் கூடி உத்தரவுகள் போட்டது. உத்தரவு போட்டுக் குறையை ஏற்க வைப்பது கடினம்.

இலங்கையின் வறண்ட வடமத்தியப் பகுதியில், குளத்தை நம்பிய சிங்களக் கிராமங்களில், ‘பெத்ம’ என்று ஒரு வழக்கம் உண்டு. குளம் நிறையாத வருஷத்தில் எல்லா வயலையும் உழுவதில்லை. குளத்துக்கு அருகிலுள்ள வயல்களை மட்டும் அந்தப் போகத்துக்காக எல்லோருக்குமாகப் பிரித்துக்கொள்வார்கள். தலைமடைக்காரன் தன் நிலத்தைக் கடைமடைக்காரனுக்கு விட்டுக்கொடுக்கிறான். அடுத்த போகத்தில் அது அவனிடமே திரும்புகிறது. இது தயவோ தானமோ அல்ல. பங்குதாரன் என்றால் பற்றாக்குறைக்கும் பங்குதாரன் என்று அவர்கள் அர்த்தப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

அது சின்ன ஊர், உறவுக்காரர்கள், எல்லோரும் ஒரே குளத்தைக் கண்ணால் பார்க்கிறவர்கள் என்று ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் சரியானதே. நாம் கிருஷ்ணராஜ சாகரின் அடிமட்டத்தைப் பார்ப்பதில்லை. மண்டியாக்காரர் மேட்டூரைப் பார்ப்பதில்லை. பத்திரிகைகள் அவரவர் வறட்சியை மட்டும் அச்சிடுகின்றன. எழுதுகிற நாமும் கடைமடைக்காரன் என்பதாலேயே நியாயம் நம் பக்கம் என்று நம்பி வந்திருக்கிறோம்.

அரியாங்குப்பத்தில் இருந்துகொண்டு அப்படி நம்புவது சுலபமில்லை. எங்கள் ஊரை ஒட்டி ஓடுவது சங்கராபரணியின் கிளை. மேலே வீடூர் அணை, விழுப்புரம் மாவட்டத்தில். எங்களுக்குத் தலைமடை தமிழ்நாடுதான். 2024 டிசம்பர் 2, ஃபெஞ்சல் புயலின் மழையில், விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்தார்கள். தென்பெண்ணைக் கரையூர்கள் மூழ்கின. திறந்தவரும் தமிழர், மூழ்கியவரும் தமிழர். கடைமடை என்பது ஆற்றில் ஓர் இடம். அதை ஒரு குணமாக நினைத்துக்கொண்டது நம் தவறு.

நீண்டகாலத் திட்டம் என்று சொல்லும்போது அணைகளும் கால்வாய்களும் ஞாபகத்துக்கு வருகின்றன. எனக்குத் தோன்றுவது அதைவிடச் சிறிய காரியம்: அணைகள் நிரம்பிய ஒரு வருஷத்தில், இருகரை விவசாயிகளும் உட்கார்ந்து, அடுத்த வறட்சியில் தன் குறுவையில் எத்தனை ஏக்கரை, தன் கரும்பில் எத்தனை ஏக்கரை விடத் தயார் என்று சொல்லி எழுதிக்கொள்வது. அந்தக் காகிதத்தில் முதல் வரியை நம் பக்கத்தார் எழுத வேண்டும் என்று சொன்னால், துரோகி என்பார்கள். மண்டியாவில் இதையே சொல்கிறவனையும் அப்படித்தான் அழைப்பார்கள். பேச்சை அந்த இருவரிடமிருந்து தொடங்கலாம்.