பாடப்புத்தகத்தின் ஓரங்கள்

சுரேஷ் கனகராஜா 1984 முதல் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தார். அமெரிக்க வாழ்க்கையைச் சொல்லும் பாடப்புத்தகம். அதன் ஓரங்களில் மாணவர்கள் கிறுக்கியவையோ தமிழ்ப் பாட்டு வரிகளும் போராட்டச் சின்னங்களும். அவர் அவற்றைக் கவனக்குறைவு என்று ஒதுக்கவில்லை. பாடத்துக்குப் பிள்ளைகள் சொன்ன மறுமொழி என்று படித்தார். 1999-இல் வந்த தம் நூலில் அவற்றை ஆராய்ந்தார்.

இலங்கை உள்நாட்டுப் போரில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போனது, ஆய்வுக் கட்டுரை எழுத எழுதுதாளும் கிடைக்கவில்லை. வெளிநாட்டு ஆய்விதழ்களோ ஒரு கட்டுரைக்குப் பல பிரதிகள் கேட்டன.

நல்ல ஆய்வாளர்களையும் வெளியே நிறுத்திய இந்த ஏற்றத்தாழ்வை 2002-இல் இன்னொரு நூலாக எழுதினார். ஆங்கிலம் கற்பிக்கும் துறையின் முன்னணி ஆய்விதழான ‘டெசோல் குவாட்டர்லி’க்குப் பின்னாளில் அவரே ஆசிரியரானார், எந்தக் கட்டுரை அச்சேறலாம் என்று தீர்மானிக்கும் இடத்துக்கு வந்தார்.