அறியாமல் கொடுத்த சம்மதம்

தஹ்ரானில் தலைமையகம் கொண்ட சவூதி அராம்கோ எண்ணெய் நிறுவனத்தை 2012 ஆகஸ்ட் 15 அன்று ஷமூன் என்ற வைரஸ் தாக்கியது. ரமலானின் கடைசிப் பத்து நாள்கள் அவை. ஊழியர் பலர் விடுமுறையில் இருந்தார்கள். ஏறத்தாழ 30,000 கணினிகளில் இருந்த ஃபைல்கள் அழிந்தன. அழிப்பதே நோக்கமாக இருந்ததால், செய்தவர்கள் குற்றவாளிகள் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. தீய எண்ணம் துளியும் இல்லாத ஒருவர் எழுதிய பத்து வரி ஸ்கிரிப்ட் அதே நாசத்தைச் செய்துவிட்டால், நல்லெண்ணம் அவரைக் காப்பாற்றுமா? கட்டளைவரி ஸ்கிரிப்டுக்கு என்ன ஆப்ஷன் வைப்பது, திரையில் என்ன சொல்ல வைப்பது என்பதை வெறும் வசதிப் பிரச்சினையாகவே பார்க்கிறோம். அது அறப் பிரச்சினை என்பது என் கட்சி.

நல்லெண்ணம் காப்பாற்றுமா என்பதை ஃபிக்ஹு என்ற இஸ்லாமியச் சட்டவியல் கூர்மையாகவே யோசித்திருக்கிறது. எண்ணத்துக்கு அங்கே பெரிய இடம் உண்டு. ஆனாலும் பிறர் பொருளைக் கைதவறி அழித்தவருக்குப் பாவம்தான் இல்லையே ஒழிய, ஈடு கொடுக்கும் பொறுப்பு நீங்குவதில்லை. வணிகத்திலும் நல்லெண்ணம் மட்டும் போதாது. கடலில் திரியும் மீனைப் பிடிக்கும் முன்பே விற்பது செல்லாது. எது கைக்கு வரும் என்று தெரியாமல் சொல்லும் சம்மதத்தை அந்தச் சட்டம் ஏற்பதில்லை. குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். சவூதியில் வழங்கும் ஹன்பலி மத்ஹபும் (சட்டப் பிரிவு), காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபும் இன்னொரு படி மேலே போகின்றன: பேரம் முடிந்த பிறகும், விற்பவரும் வாங்குபவரும் அந்த இடத்தைவிட்டுப் பிரியும்வரை இருவரில் எவரும் அதை முறித்துக்கொள்ளலாம்.

“நிச்சயமா?” என்று மட்டும் கேட்கும் ஸ்கிரிப்டை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். எதற்கு நிச்சயம்? “பழைய பில்கள் என்ற ஃபோல்டரில் 142 ஃபைல்கள் அழியும், இன்னும் எதையும் தொடவில்லை” என்று சொல்லிவிட்டுக் கேட்டால்தான் பதிலுக்கு மதிப்பு. ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் நிரலில் இருக்கும் டிரை-ரன் ஆப்ஷன் செய்வது அதைத்தான்: செய்யப்போவதைக் காட்டும், செய்யாது. 2015 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்த, லினக்ஸில் ஓடும் ஸ்டீம் என்ற கேம் மென்பொருளின் ஸ்கிரிப்ட் செய்த சம்பவம் இதன் மறுபக்கம். ஃபோல்டரின் பெயர் இருக்க வேண்டிய மாறி காலியாகிப்போனதால், அந்த ஸ்கிரிப்டின் அழிக்கும் கட்டளை எல்லா ஃபோல்டர்களுக்கும் வேரான ரூட்டிலிருந்தே தொடங்கியது. பயனரின் ஃபைல்களெல்லாம் போயின. அந்த வரிக்கு மேலே, இது பயமுறுத்துகிறது என்ற பொருளில் ஒரு கமென்ட் இருந்தது. எழுதியவருக்கு ஆபத்து தெரிந்திருக்கிறது. அதை நிரலுக்குள் எழுதினாரே தவிர, இழக்கப்போகிறவரிடம் சொல்லவில்லை. குறையை மறைத்து விற்பதற்கு இதைவிட நெருங்கிய உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

யூனிக்ஸ் மரபு மௌனத்தைப் போற்றுகிறதே என்பார்கள். ஒரு நிரலின் வெளியீடு இன்னொன்றின் உள்ளீடாகும்போது வீண்பேச்சு கெடுதல் என்பது உண்மைதான். அதற்காகத்தான் அதே மரபு பிழைச் செய்திக்குத் தனி ஓடையை வைத்திருக்கிறது. தரவைக் கலக்காமல் மனிதரிடம் பேச அதுவே போதும். ஓட்டுபவர் தெரிந்துகொண்டு ஓட்டட்டும் என்ற வாதமும் நிற்காது: உள்ளே இருப்பது எழுதியவருக்குத் தெரியும், ஓட்டுபவர் பெயரை மட்டும் டைப் செய்கிறார். கனமான மறுப்பு வேறு. ஓயாமல் கேட்டால் பார்க்காமலே ‘ஒய்’ தட்டுவார்கள், அதுவும் அறியாச் சம்மதம்தானே என்பது. இதை ஒப்புக்கொள்கிறேன்; அதனால் அளவாகக் கேட்க வேண்டும். ஃபைல்களை அழிக்கும் குனூவின் ஆர்எம் கட்டளையில் பெரிய ‘ஐ’ ஆப்ஷன், மூன்றுக்கு மேற்பட்ட ஃபைல்கள் அழியும்போதும், ஃபோல்டரை உள்ளடக்கத்தோடு அழிக்கும்போதும் ஒரே ஒரு தடவைதான் கேட்கிறது. அந்த அளவே சரி.

சொல்லிவிட்டால் கடமை தீர்ந்ததா என்பதுதான் கடினமான இடம். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவையான கிட்லேபில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், அதை எடுக்க வேண்டிய நிரல் பதிப்புப் பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. எச்சரிக்கை மின்னஞ்சல்கள் போகத்தான் செய்தன. பெறும் பக்கம் அவற்றை ஏற்காமல் தள்ளிவிட்டது. கேட்க ஆளில்லாத அறிவிப்பை அறிவிப்பாக நான் எண்ணமாட்டேன். பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதுபவர் தோல்வியை மட்டும் சொல்ல வைத்தால் போதாது. கடைசியாக வெற்றி பெற்ற நாளையும் ஃபைலின் அளவையும் தினமும் ஒரு மனிதர் பார்க்கும் இடத்தில் எழுத வைக்க வேண்டும், அந்த வரி வராத நாளில் யார் போய்ப் பார்ப்பது என்பதையும் முடிவு செய்திருக்க வேண்டும்.