பதினோராம் மணி அழைப்பு



சேலம் சின்னப்பம்பட்டி நெசவுத் தொழிலாளியின் மகன் நடராஜன், 2020இல் அவுஸ்திரேலியப் பயணத்துக்கு முதலில் தெரிவானது ஆட்டத்தில் இறங்க அல்ல. இந்தியக் கிரிக்கெற் வீரர்களுக்குப் பயிற்சியில் பந்து வீசவே. மற்றவர்கள் காயமுற, இவர் அழைக்கப்பட்டார். ஒரே பயணத்தில் மூவகைப் போட்டிகளிலும் அறிமுகமானார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ற் முதல் இன்னிங்சில் 3 விக்கெற்றுகளை வீழ்த்தினார்.

திராட்சைத் தோட்ட உவமையில் பதினோராம் மணிக்கு அழைக்கப்பட்டோரை நினையுங்கள். மாலைவரை வேலையில்லை, ஆயினும் சந்தைவெளியை விட்டு அகலவில்லை. அதனாலன்றோ தோட்டத் தலைவனின் கண்ணிற் பட்டார்கள்!

வேலையின்றிக் காத்திருக்கும் வன்னி இளைஞனே, மனம் சோர்ந்து மதுவை நாடாதே. கற்ற தொழிலைக் கைவிடாதே. பெற்றோரே, காத்திருக்கும் பிள்ளையைச் சோம்பேறியென்று ஏசாதீர்கள். அழைப்பவர் பிந்தலாம், மறப்பதில்லை.